அணையாத நெருப்புக்கு விறகுக் கணக்கு

பகலில் எனக்குத் தணிக்கை வேலை. அடுத்தவர் கணக்குப் புத்தகத்தில் ரசீது இல்லாத செலவைத் தேடிப் பிடிப்பது. இரவில் ஒரு பேரரசை நடத்துகிறேன். அதற்குப் படை உண்டு, துறைமுகம் உண்டு, வரி கேட்டு ஆள் போனால் மலையேறிவிடுகிற ஒரு மாகாணமும் உண்டு. தலைநகரின் நடுவே ஒரு மேடு. மேட்டின் மேல் வட்டமாக ஒரு கல்மனை, உள்ளே நெருப்பு. முந்நூறு ஆண்டுகளாக அது அணைந்ததில்லை என்று அந்த நாட்டு மக்கள் நம்புகிறார்கள். அது அணைந்தால் அரசும் அணையும் என்ற நம்பிக்கை அதைவிடப் பழையது.

நான் எழுதும் நாவலைப் பற்றிச் சொன்னால் கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் முகம் மலர்கிறார்கள். என்ன மந்திரம் அது? தேவதை கொடுத்ததா, டிராகன் மூட்டியதா, விண்கல்லா? விறகு என்று சொன்னால் முகம் விழுந்துவிடுகிறது.

விறகுதான். அதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மந்திரத்தால் எரியும் நெருப்புக்கு யாரும் தேவையில்லை. யாரும் தேவையில்லாத ஒன்றைச் சுற்றி ஊர் உருவாகாது, சண்டை வராது, லஞ்சம் புழங்காது. எனக்கு லஞ்சம் புழங்க வேண்டும். அணையா நெருப்பைப் பற்றி எழுத வருகிறவர் முதலில் எழுத வேண்டியது அதற்குத் தீனி போடுகிறவரைப் பற்றி என்பது என் கட்சி.

கணக்கிலிருந்தே தொடங்கினேன். மணிக்கு இரண்டு கிலோ காய்ந்த விறகு போட்டால் ஓர் அறையைச் சூடாக்கும் கணப்பு அளவுக்கு எரியும். நாளைக்கு 48 கிலோ, வருடத்துக்குப் பதினேழரை டன். ஆனால் இது சின்ன நெருப்பு. மேட்டுக்குக் கீழே சதுக்கத்தில் நிற்கிற கூட்டத்துக்கு அதன் வெளிச்சம் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்காவது வேண்டும். அப்படியானால் நாளைக்கு ஏறக்குறைய அரை டன், அதாவது ஒரு வண்டி விறகு. வருடத்துக்கு 175 டன். வெட்டிய அடிமரத்திலிருந்து திரும்பத் துளிர்த்து வளரும் காடு ஹெக்டேருக்கு வருடம் மூன்றரை டன் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒரு நெருப்புக்கு மட்டும் 50 ஹெக்டேர் காடு தேவை. அதுவும் இன்று வெட்டி இன்று போட முடியாது. பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர்தான். அதைப் போட்டால் வெக்கையில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதற்கே போய்விடும், புகையும் அதிகம். ஆக, ஒரு வருடச் சரக்கு எப்போதும் கொட்டகையில் காய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

இந்த நாலு வரிக் கணக்கு எனக்கு அரை நாவலைக் கொடுத்துவிட்டது. காட்டுக்கும் நகரத்துக்கும் நடுவே ஒரு விறகுச் சாலை வந்தது. சாலைக்குக் காவல் வந்தது. மரம் வெட்டுகிற ஊருக்கு வரிவிலக்கு வந்தது. வரிவிலக்கு வந்ததும் பக்கத்து ஊருக்கு வயிற்றெரிச்சல் வந்தது. வாள் எடுக்காமலே பேரரசின் கழுத்தைப் பிடிக்கக்கூடியவர்கள் அந்த வண்டிக்காரர்கள் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரம் வண்டியை நிறுத்தினால் போதும்.

சரி, இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பது? இங்கே நான் கற்பனைக்கே போகவில்லை, சோழர் காலக் கல்வெட்டுகளுக்குப் போனேன். கோயிலில் ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டுமென்றால் கொடையாளி பெரும்பாலும் 96 ஆடு விடுவார். சில இடங்களில் 90. அரை விளக்குக்கு 48. ஆடுகளை இடையர் பொறுப்பேற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும், சூரியனும் சந்திரனும் உள்ளவரை. அந்த ஆடுகளைக் கல்வெட்டு ‘சாவா மூவாப் பேராடு’ என்கிறது. சாகாத, கிழடாகாத ஆடுகள். படிக்கிறவருக்கு இது பக்தியாகத் தெரியலாம். தணிக்கைக்காரிக்கு அது அப்பட்டமான முதலீட்டுப் பத்திரம். பாலைக் கற, நெய்யை அள, மூலதனத்தில் கை வைக்காதே. செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி நின்றுகொள்ளும். எப்போது போய் எண்ணினாலும் 96 இருக்க வேண்டும். ஆட்டுக்குச் சாவில்லை என்று எழுதி வைத்தவர் எவரோ, அவர் எங்கள் சாதி, கணக்குப்பிள்ளை சாதி.

அதையே என் பேரரசில் மரத்துக்கு வைத்துவிட்டேன். 50 ஹெக்டேர் காட்டைப் பத்துக் கூறாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு கூறு வெட்டு. பதினோராம் வருடம் முதல் கூறு மறுபடி தயார். அடிமரங்களின் எண்ணிக்கை காட்டு வாசலில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஓர் அதிகாரி வந்து எண்ணிவிட்டு, கல்லிலுள்ள எண்ணும் தன் எண்ணும் ஒன்றே என்று எழுதிப் போகிறார். முந்நூறு வருடமாக ஒரு மரம்கூடக் குறையவில்லையாம். எந்தக் கையிருப்புப் பதிவேட்டில் முந்நூறு வருடம் வித்தியாசமே வரவில்லையோ, அங்கேதான் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன்.

மனைக்குள் போவோம். நெருப்பு இருக்கிற இடத்தில் கூரை பெரிய தலைவலி. மூடினால் புகையில் மூச்சு முட்டும், திறந்தால் மழை விழும். ரோமில் ஃபோரம் என்ற பொதுச் சதுக்கத்திலிருந்த, அடுப்புத் தேவி வெஸ்டாவின் கோயிலும் வட்ட மனைதான், புகை போக உச்சியில் வழி விட்டிருந்தார்கள். உள்ளே தேவிக்குச் சிலை கிடையாது, நெருப்பேதான் தேவி என்று ரோமக் கவிஞர் ஓவிட் சொல்கிறார். ஏதென்ஸ்காரர்கள் இந்தப் புகைச் சிக்கலை அழகாகத் தீர்த்தார்கள். அக்ரோபோலிஸ் என்ற கோயில் குன்றில் அத்தீனா தேவிக்குக் கலிமாக்கஸ் என்ற சிற்பி ஒரு பொன் விளக்கு செய்து வைத்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் ஊற்றினால் அடுத்த வருடம் அதே நாள் வரை இரவும் பகலும் எரியுமாம். திரி கல்நார் என்று கருதப்படுகிறது, அதனால் கருகவில்லை. விளக்குக்கு மேலே கூரைவரை நிற்கும் ஒரு வெண்கலப் பனைமரம், புகை அதன் வழியே ஏறிப் போய்விடும். 2ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் சுற்றிய கிரேக்கப் பயணி பாசனியாஸ் எழுதி வைத்த விவரம் இது. வெண்கலப் பனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் எண்ணெய் விளக்குக்கு வருடம் ஒரு நாள்தான் வேலை. எனக்கு இரவுக் காவல் வேண்டும். வைத்துக்கொள்ளவில்லை.

என் மனையின் உச்சியில் இருப்பது ஒரு செப்புக் குடை. காற்றுக்குத் தகுந்தபடி அதைச் சங்கிலியால் திருப்ப வேண்டும். மழை மாதத்தில் இரண்டாம் சாமக் காவலுக்கு வருகிறவளைப் பாருங்கள். சங்கிலியை ஒரு கையில் பிடித்திருக்கிறாள். இன்னொரு கையில் நுனி வளைந்த இரும்புக் கம்பி. கண் நெருப்பில் இல்லை, காதுதான் அதில் இருக்கிறது. காய்ந்த கட்டை படபடவென்று வெடிக்கும். ஈரக் கட்டை சீறும், வெட்டுமுனையில் வெள்ளையாக நுரை கட்டிக் கொப்பளிக்கும். சீறல் கேட்டதும் அந்தக் கட்டையைக் கம்பியால் ஓரத்துக்கு இழுத்து, கல்லின் சூட்டில் உலர வைத்துவிட்டு வேறு கட்டை எடுக்கிறாள். அவள் முந்தானை முழுக்கப் பொறி விழுந்த ஓட்டைகள். பணியிலிருக்கும் ஒவ்வொருத்திக்கும் வருடத்துக்கு இரண்டு புடவை, ஓட்டை எத்தனை விழுந்தாலும் மூன்றாவது கிடையாது. அரசின் மேன்மையைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்தும் இல்லை. கொட்டகைக்காரன் மறுபடி மேல்வரிசை விறகைக் கொடுத்துவிட்டான், மழையில் நனைந்த வரிசை. அதுதான் அவள் மனதில் ஓடுகிறது.

காவலர்களாக யாரை வைப்பது என்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. ரோமில் வெஸ்டாவின் கன்னியர் ஆறு பேர். ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் எடுத்துக்கொள்வார்கள். முப்பது வருடம் பணி: பத்து வருடம் கற்பது, பத்து வருடம் செய்வது, பத்து வருடம் கற்பிப்பது. மரியாதைக்குக் குறைவில்லை. சாவுக்குக் கொண்டுபோகப்படும் குற்றவாளி வழியில் தற்செயலாக ஒரு கன்னியை எதிர்ப்பட்டால் அவன் உயிர் தப்பும். ஆனால் கற்பு தவறியதாகத் தீர்ப்பு வந்தால் அவளை உயிரோடு புதைப்பார்கள். கற்பனை நாவல்களில் நெருப்புக்குக் காவல் என்றால் இந்தக் கன்னியரின் சாயல் எப்படியும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வெள்ளை உடை, மௌனம், நிலவொளி. எனக்கு அலுத்துவிட்டது. ஏழு வயதுக் குழந்தைக்கு நெருப்பைப் பற்றி என்ன தெரியும்?

என் காவலர்கள் நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள். இருபது வருடமாவது அடுப்பு எரித்தவர்கள். எந்த மரம் எப்படி எரியும் என்று தொட்டே சொல்லிவிடுவார்கள். ஒரு சாமத்துக்கு இரண்டு பேர், அந்த இரண்டு பேரும் நகரத்தின் எதிரெதிர்ப் பேட்டைகளைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி காட்டிக்கொடுப்பாள் என்று சட்டம் போட்டவர்களுக்கு எண்ணம். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். எங்கள் தொழிலின் முதல் பாடம் அது. இரண்டாம் பாடம், அந்த இரண்டு பேரும் நண்பர்களாகிவிட்டால் சாவி ஒன்றுதான்.

இன்னொரு விஷயம் பணியில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். சுடர் விட்டு எரிவதைவிட நீறு பூத்த நெருப்புக்கு ஆயுசு அதிகம். கங்குகளை ஒன்றுசேர்த்துச் சாம்பலால் மூடிவிட்டால் காற்று கொஞ்சமாகத்தான் போகும், மெல்லக் கனிந்துகொண்டு விடியும்வரை கிடக்கும். காலையில் சாம்பலை விலக்கி இரண்டு சுள்ளி வைத்து ஊதினால் பற்றிக்கொள்ளும். அப்படியானால் சுடர் இல்லாத அந்த நேரத்தில் நெருப்பு அணைந்ததா, அணையவில்லையா? என் பேரரசில் இதை வைத்து இரண்டு சட்டப் பள்ளிகள் இருநூறு வருடமாக அடித்துக்கொள்கின்றன. கண்ணுக்குச் சுடர் தெரிந்தால்தான் நெருப்பு என்பது ஒரு கட்சி. கை வைத்தால் சுட்டால் நெருப்பு என்பது இன்னொரு கட்சி. இரவுக் காவல் பெண்கள் அத்தனை பேரும் இரண்டாவது கட்சி.

சாம்பல் எங்கே போகிறது என்ற கேள்வியில் நான் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டேன், சந்தோஷமாகத்தான். விறகின் எடையில் நூற்றில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும் என்று வைத்தால் வருடத்துக்கு ஒன்றே முக்கால் டன். முந்நூறு வருடத்துக்கு 525 டன். இது புனிதமான சாம்பல், குப்பையில் கொட்ட முடியாது. ரோமர்கள் இதற்கும் ஒரு நாள் வைத்திருந்தார்கள். ஜூன் 15 அன்று வெஸ்டா கோயிலைப் பெருக்கி, அந்தக் கூளத்தை வெளியே கொண்டுபோவார்கள். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அன்றைக்கு வழக்கு விசாரணை முதலான பொதுக் காரியங்கள் நடக்கலாம் என்று நாட்காட்டியிலேயே சுருக்கக் குறி போட்டிருந்தது. கூளம் கேபிட்டோலைன் குன்றுச் சரிவில் ஓர் இடத்துக்குப் போனதாக ரோம அறிஞர் வார்ரோ சொல்கிறார், டைபர் ஆற்றில் போடப்பட்டதாக ஓவிட் பாடுகிறார். ஒரு வல்லரசின் நீதிமன்றம் துடைப்பத்துக்காகக் காத்திருந்த காட்சி எனக்குத் தலைநகரத்தின் அத்தனை தூண்களையும்விடப் பெரிதாகத் தெரிந்தது.

அயர்லாந்தின் கில்டேரில் வேறு மாதிரி. அங்கே புனித பிரிஜிட்டின் நெருப்பைப் பத்தொன்பது கன்னிகாஸ்திரீகள் முறைவைத்துக் காத்தார்கள். இருபதாம் இரவு யாரும் இருக்க மாட்டார்கள், கட்டையை அடுக்கிவிட்டு, பிரிஜிட்டே தன் நெருப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை எழுதிய வேல்ஸ்காரப் பாதிரியார் ஜெரால்ட் ஓர் அதிசயத்தையும் சேர்த்துச் சொல்கிறார். இத்தனை காலம் இத்தனை விறகு எரிந்தும் அங்கே சாம்பல் பெருகவே இல்லையாம். பக்தர்கள் கும்பிடட்டும். நான் கேட்கிற கேள்வி, விற்றது யார்?

ஏனென்றால் சாம்பலுக்கு விலை உண்டு. தண்ணீரில் கரைத்து வடித்தால் காரநீர் கிடைக்கும். துணி வெளுக்க, சாயம் ஏற்ற, கொழுப்போடு காய்ச்சிச் சவர்க்காரம் செய்ய அது வேண்டும். என் தலைநகரில் சாம்பலை நதியில் கரைப்பது அரசாணை. மாதம் ஒருமுறை ஊர்வலமாக ஏழு பானை போகிறது. கணக்குப்படி மாதத்துக்குப் பதினெட்டுப் பானை வர வேண்டும். நதிக்கரை வண்ணாரத் தெருவில் வெளுத்த துணி ஏன் பேரரசிலேயே வெள்ளை என்று யாரும் கேட்பதில்லை.

பூமியிலிருந்து தானாக வருகிற வாயு நெருப்பை வைக்கலாமே என்றும் சிலர் சொன்னார்கள். துருக்கியின் தென்மேற்கில் யானர்தாஷ் மலைச்சரிவில் மீத்தேன் பாறை இடுக்குகளில் எரிந்துகொண்டே இருக்கிறது. அஸர்பைஜானின் தலைநகர் பாகுவுக்குப் பக்கத்தில் சுராகானி கோயிலில் நிலவாயு எரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் சுற்றுவட்டாரத்தில் எண்ணெயும் வாயுவும் எடுக்கத் தொடங்கியபின் அது நின்றுபோய், இப்போது குழாயில் வாயு கொடுத்து எரிக்கிறார்கள். பார்க்க அற்புதம். கதைக்கு அதில் ஆள் இல்லை.

அரசியலுக்கு வருவோம். நெருப்பு யாருடையது? கி.மு. 12இல் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் அந்நகரின் தலைமைப் பூசாரியும் ஆனார். அந்தப் பதவியில் இருப்பவர் வெஸ்டா கோயிலை ஒட்டிய அரசு மனையில் குடியிருப்பது வழக்கம். இவர் போகவில்லை. பாலட்டைன் குன்றிலிருந்த தன் வீட்டில் ஒரு பகுதியைப் பொதுச் சொத்தாக அறிவித்து, வெஸ்டாவுக்கு அங்கேயே ஓரிடம் அமைத்துவிட்டார். ஊருக்கு நடுவே இருந்ததை ஒரு குடும்பம் இப்படித்தான் தன் வீட்டுக்குள் கொண்டுவரும், ஒரு சண்டையும் இல்லாமல்.

ஈரானின் சசானிய மன்னர்கள் இன்னும் வெளிப்படை. பட்டத்துக்கு வந்ததும் ஒவ்வொரு மன்னருக்கும் அவர் பெயரில் ஒரு நெருப்பு. காசின் ஒரு பக்கம் மன்னர் தலை, மறுபக்கம் நெருப்பு மேடை. பிஷாப்பூரில் ஒரு கல்வெட்டு, அர்தஷீரின் நெருப்புக்கு 40ஆம் ஆண்டு, ஷாபூரின் நெருப்புக்கு 24ஆம் ஆண்டு என்று காலம் குறிக்கிறது. செத்த மன்னரின் நெருப்புக்கு வயது கூடிக்கொண்டே போகிறது, அதுதான் எனக்கு அதில் சுவாரஸ்யம்.

அவர்களுக்கு முந்திய பாரசீகத்தில் மன்னர் இறந்தால் மட்டும் புனித நெருப்பை அணைப்பார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் டையடோரஸ். கி.மு. 324இல் அலெக்சாந்தரின் உயிர் நண்பன் ஹெஃபஸ்தியன் இறந்துபோனான். துக்கம் தாங்காமல் அலெக்சாந்தர், ஈமச் சடங்கு முடியும்வரை ஆசியா முழுக்கப் புனித நெருப்பை அணைத்து வைக்கச் சொன்னார். பாரசீகர்கள் திகைத்துப்போனார்கள். மன்னர் உயிரோடிருக்கும்போதே அவர் சாவுச் சடங்கை அவரே நடத்திக்கொள்கிறாரே என்று. மறு வருடம் ஜூனில் அலெக்சாந்தர் செத்துப்போனார். நான் இதை நாவலில் எழுதியிருந்தால், ரொம்பத் தோதாக இருக்கிறது, மாற்று என்று தோழி திருப்பிக் கொடுத்திருப்பாள்.

அணைப்பதையே விழாவாக வைத்த பேரரசும் உண்டு. மெக்ஸிகோவின் ஆஸ்டெக்குகள் 52 வருடத்துக்கு ஒருமுறை நாட்டிலுள்ள அத்தனை நெருப்பையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். மலையுச்சியில், பலியான ஒருவனின் மார்பின் மேல் புது நெருப்பு கடைவார்கள். அங்கிருந்து ஓட்டக்காரர்கள் பந்தத்தோடு தலைநகர் டெனோச்டிட்லானுக்கும் மற்ற ஊர்களுக்கும் ஓடுவார்கள். கடைசியாக நடந்தது 1507இல். நெருப்பு வருமா வராதா என்ற அந்த ஒரு ராத்திரிப் பயத்தை யோசித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் அணையாமல் எரிவதைவிட அந்த ராத்திரி மக்களை அரசோடு இறுக்கக் கட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கிரேக்கத்தில் இது ஒரு தடவை போருக்குப் பிறகு நடந்தது. கி.மு. 479இல் பிளாட்டியாவில் வென்றதும், பாரசீகர் தீட்டுப்படுத்திய நெருப்பு வேண்டாம் என்று எல்லா அடுப்பையும் அணைத்தார்கள். யூகிடாஸ் என்பவர் டெல்ஃபிக்கு ஓடி, பொது அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துக்கொண்டு அன்றே திரும்பி ஓடிவந்து, ஒப்படைத்துவிட்டு விழுந்து செத்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். போகவர, கிரேக்க நீள அளவில் ஆயிரம் ஸ்டேடியம், கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர்.

இனி, தானாக அணைந்தால். கி.மு. 206இல் வெஸ்டாவின் நெருப்பு அணைந்தது. காவலில் இருந்த கன்னியைச் சவுக்கால் அடித்தார்கள், தலைமைப் பூசாரியின் ஆணைப்படி. தெய்வக் குற்றம் இல்லை, மனிதக் கவனக்குறைவுதான் என்று தெரிந்திருந்தும் பரிகாரப் பலி கொடுத்தார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி சேர்த்துக்கொள்கிறார். ரோமில் நெருப்பை மறுபடி உண்டாக்க முறை உண்டு. நல்ல சகுன மரம் என்று கருதப்படும் மரத்தின் பலகையைக் கடைந்து பற்றவைத்து, ஒரு கன்னி வெண்கலச் சல்லடையில் அதை ஏந்தி உள்ளே கொண்டுபோக வேண்டும். ஏதென்ஸ் விளக்கோ அணைந்ததற்குக் காரணம் வறுமை. ரோமத் தளபதி சுல்லாவின் முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்தபோது, கொடுங்கோலன் அரிஸ்தியன் எண்ணெய் இல்லாமல் அதை அணையவிட்டான்.

இந்தக் காலத்துக் கதையும் ஒன்று. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் மழையில் தீபம் அணைந்துவிட்டது. பக்கத்திலிருந்த பணியாளர் ஒருவர் சிகரெட் லைட்டரை எடுத்துப் பற்றவைத்துவிட்டார். பிறகு அதை அணைத்து, ஒலிம்பியாவிலிருந்து வந்து பத்திரமாக வைத்திருந்த மாற்று நெருப்பால் முறைப்படி ஏற்றினார்கள். அந்த லைட்டர்க்காரர் எனக்கு ரொம்பப் பிடித்தமானவர். பதறாமல், பக்கத்தில் இருப்பதை எடுத்துக் காரியத்தை முடிக்கிறவர். அவர் இருக்கிற வரைக்கும் எந்தப் பேரரசும் விழாது.

என் நாவலிலும் அதுதான் நடக்கிறது. மழை மாதம், இரண்டாம் சாமம், செப்புக் குடையின் சங்கிலி அறுந்துவிடுகிறது. கொட்டுகிற மழையில் நெருப்பு அணைகிறது, கங்கும் குளிர்ந்துவிடுகிறது. கை வைத்தாலும் சுடவில்லை, எந்தக் கட்சிப்படி பார்த்தாலும் அணைந்ததுதான். எதிரெதிர்ப் பேட்டைப் பெண்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருத்தி காவலர் சமையற்கட்டுக்குப் போய் ஒரு சட்டியில் கங்கு வாங்கிவருகிறாள், குளிருகிறது என்று சொல்லி. விடிவதற்குள் பழையபடி எரிகிறது. அரசு விழவில்லை. அடுத்த நாள் சக்கரவர்த்தி வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார், சமையற்கட்டு நெருப்பை. பத்து வருடம் போகிறது, நாட்டில் நல்ல மழை, ஒரு போரிலும் வெற்றி.

பிறகு ஒரு கணக்கெழுத்தர் வருகிறார். வயதானவர், மூட்டுவலி, யாரோடும் ஒட்டாதவர். பழைய பதிவேடுகளை வேறு எதற்கோ புரட்டுகிறார். விறகுப் பற்று ஒழுங்காக இருக்கிறது. நாளைக்கு ஒரு வண்டி, அன்றைக்கும் ஒரு வண்டி. ஆனால் மழை மாதத்து ஒரு விடியலில் ஒரு வரி, வேறு கையெழுத்தில்: சுள்ளி, இரண்டு கட்டு. கங்குகளை எழுப்ப இரண்டு குச்சி போதும், அது எப்போதும் கொட்டகையில் கிடக்கிறதுதான், யாரும் பதிவதில்லை. ஒரு பெரிய குழியை அடியிலிருந்து மூட்டினால்தான் கட்டுக்கணக்கில் வேண்டும். அணையாத நெருப்புக்கு இரண்டு கட்டுச் சுள்ளி எதற்கு?

தோழிக்கு இந்த அத்தியாயத்தைப் படிக்கக் கொடுத்தபோது பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஏன்டி, அந்தப் பொம்பளை சுள்ளியை எதுக்குடி எழுதிவெச்சா? எழுதாம விட்டிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே?”

“அவ எழுதலை. கொட்டகைக்காரன் எழுதினான். சுள்ளி குறைஞ்சா அவன் சம்பளத்துல பிடிப்பாங்க.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உன் ஆபீஸ் புத்தியை விடவே மாட்டே,” என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது சண்டை, எழுத்தர் இதை என்ன செய்வார் என்பதில். கிழித்துப் போட்டுவிட வேண்டும், நாடு நன்றாகத்தானே இருக்கிறது என்பது அவள் வாதம். அவரால் கிழிக்க முடியாது. நாற்பது வருடம் பதிவேட்டைக் காத்தவர் ஒரு தாளைக் கிழித்தால் அவருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. அரசவைக்குக் கொண்டுபோனால் இரண்டு பெண்களுக்கும் சவுக்கடி, சமையற்கட்டுக்காரனுக்கு அதைவிட மோசம். நான் அவரை மூன்றாவது வழியில் நடத்திக்கொண்டிருக்கிறேன். தணிக்கையில் சந்தேகம் வந்தால் செய்வதைத்தான் செய்கிறார். ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு, சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்கப் போகிறார். இரண்டு பெண்களில் ஒருத்தி செத்துவிட்டாள். இன்னொருத்திக்கு எழுபது வயது, நதிக்கரையில் வண்ணாரத் தெருவில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவர் போய்க் கதவைத் தட்டுகிறார், அவள் வந்த காரியம் என்ன என்று கேட்கிறாள்.

அவர் ஏழு பானைக்கும் பதினெட்டுப் பானைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் முதலில் கேட்பார் என்று நினைக்கிறேன். சுள்ளியை அப்புறம்.